மூன்றாவது ஓலைக்கு முன் நான் செய்தது

பிரான்சிஸ்,

கடிதத்தின் தலையில் வழக்கமாக நான் போடும் சிலுவையைப் போடவில்லை. கவனித்திருப்பாய், நீ என் மகன். இதில் எழுதப்போகிற காரியத்துக்கு ஆண்டவரைச் சாட்சிக்கு இழுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இன்று புதன்கிழமை. சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். கல்யாணக் கோட்டு தயாராகிவிட்டதா என்று பார்க்க நீ சிராங்கூன் ரோட்டுத் தையற்கடைக்குப் போயிருக்கிறாய். ஒரே வீட்டில், நடுவில் ஒரு சுவரை மட்டும் வைத்துக்கொண்டு படுக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த வார்த்தைக்கு அது எப்படி மாறுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த வார்த்தையைத் திருத்திக்கொள்வேன். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் தாளைப் பார்த்து எழுதுகிறேன்.

உன் அம்மா சமையலறையிலிருந்து இதற்குள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். முதல் தடவை டீ வேண்டுமா என்று கேட்டாள். இரண்டாவது தடவை எதற்கு என்று சொல்லவில்லை. உறையை நன்றாக ஒட்டித்தான் உன் மேசைமேல் வைப்பேன். பிரித்து ஒட்டியதுபோல் தெரிந்தால் எனக்குச் சொல்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் வேலை பார்த்தேன். அங்கே என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. அந்த வட்டாரத்துச் சின்ன ஹோட்டல்களுக்கு மணிப்பலகை செய்து மாட்டிக் கொடுப்போம். மேலே அறையில் இருப்பவர் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவிட்சை அமுக்கினால், கீழே கவுண்டரில் உள்ள பலகையில் அந்த அறை எண்ணுக்கு நேரே ஒரு குட்டி பல்பு எரியும். பையன் பார்த்துவிட்டு மேலே ஓடுவான். சில நாள் ஏழாம் அறையில் அமுக்கினால் நாலாம் எண் எரியும். யாருக்கோ போகவேண்டிய சுடுதண்ணீர் யாருக்கோ போய், சண்டை வரும், எங்களைக் கூப்பிடுவார்கள். தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, மேலே அறை அறையாகப் போய் அமுக்குவார். நான் கீழே நின்று பலகையைப் பார்ப்பேன். அப்போது நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எங்கே தொட்டால் எங்கே எரிகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஓடுகிறது. சுவரைக் கொத்தினால் அகப்பட்டுவிடும். வேலைக்கு இது சரியான பாடம்தான். நான் அதை வேலையோடு விடாமல் வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டேன்.

பிடோக் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் உன் பள்ளிக்கூட ரிப்போர்ட் புத்தகம் காணாமல் போனது நினைவிருக்கிறதா? டீச்சர் இன்னும் தரவில்லை என்று ஒரு வாரம் சாதித்தாய். நான் உன்னை அடிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உன் பையை மெதுவாக எடுத்து மடியில் வைத்தேன். உன் கண் ஃபிரிட்ஜ் பக்கம் போய் வந்தது. பையைக் கீழே வைத்தேன், நீ மூச்சு விட்டாய். மறுபடியும் எடுத்தேன், கண் மறுபடியும் ஃபிரிட்ஜுக்குப் போனது. எழுந்து போய் ஃபிரிட்ஜைச் சாய்த்தால் அடியில் புத்தகம். கணக்கில் முப்பத்தொன்று. நீ அன்றைக்கு என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். நான் அன்று ஜெயித்தேன் பிரான்சிஸ், அதுதான் கெட்ட காலம். ஒரு தடவை பலித்ததை வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் பலகையாக்கிவிட்டேன்.

உன் அம்மாவுக்கு நான் செய்தது உனக்குத் தெரியாது. அப்போது நம் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு ஜானகி அக்காவின் போனுக்கு நமக்கு வரும் அழைப்பு வரும், அக்கா கதவைத் தட்டிக் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தால் உன் அம்மா கையில் இருப்பது அப்படியே நிற்கும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் கத்தி நிற்கும். தலைமுடியை ஒதுக்கிக்கொள்வாள். கதவு தட்டுவதற்கு முன்பே கதவருகில் நிற்பாள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். ஈப்போவில் இருக்கும் அவள் தங்கச்சி. நான் கேட்காமல், பார்த்துக்கொண்டே இருந்தேன், மூன்று மாதம். பிறகு ஒருநாள் ஜானகி அக்காவிடம் போய், எங்களுக்கு இனிமேல் போன் வந்தால் கூப்பிட வேண்டாம், வீட்டில் ஆளில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று சொல்லி வந்தேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தது. அதையும் சந்தேகப்பட்டேன்.

அக்கா கதவைத் தட்டுவது நின்றது. உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்த பிறகும் அந்தச் சுவர் ஓரமாகவே உட்கார்ந்திருப்பாள். வருஷக் கடைசியில் தங்கச்சி பஸ் ஏறி நேராக வந்துவிட்டாள். "என்னக்கா, எத்தனை தடவை அடிச்சேன், ஆளில்லன்னே சொல்றாங்க?" என்று கேட்டாள். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "அந்த வீட்டு போன் சரியில்லடி, லைன் மாறி மாறிப் போகுது" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. அப்போது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறாளே, இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாள் என்றுதான் தோன்றியது. இதை எழுதவே கை கூசுகிறது.

இப்போது ஸ்டெல்லா விஷயத்துக்கு வருகிறேன். நீ பொறுமையாகப் படி, நடுவில் எழுந்து வராதே. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்தே நான் கோயிலில் அவளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நல்ல குடும்பம், பாலர் பள்ளி டீச்சர், பாடகர் குழுவில் நல்ல குரல். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததுதான் எனக்கு உறுத்தியது. தமிழ்ப் பூசையில் நான் உட்காரும் பெஞ்ச் உனக்குத் தெரியும். அங்கிருந்து பாடகர் குழு நேராகத் தெரியும். ஆர்கன் வாசிக்கும் பெஞ்சமின் பக்கத்தில் வந்து பாட்டுப் புத்தகத்தின் தாளைத் திருப்பினால் அவள் சிரிப்பு நின்றுவிடும். முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள். தலை குனிந்து புத்தகத்தையே பார்ப்பாள். அவன் நகர்ந்து போனதும் சரியாகிவிடுவாள். நம் வீட்டுக்கு வந்தபோதும் சோதித்தேன். சாப்பாட்டு நடுவில் சும்மா, "பெஞ்சமின் நல்லா வாசிக்கிறான்ல" என்று போட்டேன். அவள் தட்டைப் பார்த்தாள். இன்னொரு நாள் போட்டேன், தண்ணீர் குடித்தாள். மூன்றாம் தடவை, ஆன்ட்டிக்கு உதவி செய்யப் போகிறேன் என்று எழுந்தே போய்விட்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்? இங்கே தொட்டால் அங்கே எரிகிறது.

முதல் ஞாயிறு உங்கள் ஓலையை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஃபாதர் மூன்று ஞாயிறு கேட்பது நமக்கு வழக்கம். மற்றவர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை, பெண் யார், எந்தப் பிளாக் என்று குசுகுசுப்பார்கள். எனக்கு அவர் என்னை மட்டும் பார்த்துக் கேட்டதுபோல் இருந்தது. இரண்டாம் ஞாயிறும் கேட்டார். அந்தப் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, உனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியாமல் கோயில் அலுவலகத்துக்குப் போனேன்.

ஆம், நான்தான் போனேன். உன் கல்யாணத்துக்குத் தடை சொல்ல.

ஃபாதர் நாற்காலியைக் காட்டி, "என்ன பாத்தீங்க?" என்று கேட்டார்.

"பெஞ்சமின் கிட்ட போனா அந்தப் பொண்ணு முகம் மாறுது ஃபாதர்."

"எப்படி மாறுது?"

"சிரிப்பு நின்னுடுது. குனிஞ்சிக்கிறா. முந்தானைய இழுத்து விட்டுக்கிறா."

"எவ்வளவு நாளா பாக்கிறீங்க?"

"ஒரு வருஷமா."

"பூசை நேரத்துலயா?"

ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "முகம் மாறுறது தடையில்லீங்க. அந்தப் பொண்ணுக்கு மனசு இல்லாம யாராச்சும் கட்டி வச்சா, அது தடை. நீங்க வந்து சொல்லிட்டீங்க, நான் அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேக்கணும். உங்க பேரைச் சொல்ல மாட்டேன்" என்றார். வெளியே வரும்போது எனக்கு வேலையை முடித்துக் கொடுத்த திருப்தி இருந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகு, மூன்றாவது ஓலையை நிறுத்துகிறேன் என்று இவர் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று ஃபாதர்மேலேயே சந்தேகம் வந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் திருவிழாக் கண்காட்சிக்காக உன் கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து கோயில் மண்டபத்தில் வைத்தாய். முதல் ஆளாக என்னை உட்கார வைத்தாய். கறுப்பு வெள்ளைத் திரை. இடது பக்கம் நம் கோயிலைச் சேர்ந்த பத்துக் குடும்பங்களின் பெயர், வலது பக்கம் நீ வரைந்த பத்துக் குட்டி வீடுகள். சோப்புக் கட்டி மாதிரி ஒன்றை என் கைக்குள் வைத்து, அதை நகர்த்தினால் திரையில் ஓர் அம்பு நகரும் என்றாய். "பேர் மேல அம்பக் கொண்டு போங்கப்பா. அந்தக் குடும்பத்தோட வீடு கறுப்பாகும்" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று நாற்காலி அடுக்கப் போய்விட்டாய். நான் இரண்டு மூன்று பெயர்மேல் கொண்டு போனேன். நீ சொன்னபடியே வீடு கறுத்தது. பெயர் ஒரு மூலையில், வீடு வேறு மூலையில். ஜாலான் புசார் பலகையே திரும்பி வந்ததுபோல் எனக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு கையை அப்படியே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது பார்த்தால், கீழே கடைசி வீடு தானாகவே கறுக்கிறது, வெளுக்கிறது, மறுபடி கறுக்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. அதையே உற்றுப் பார்த்தேன். அதற்குப் பக்கத்து வீட்டையும் பார்த்தேன், அதன்மேல்தான் சந்தேகம். நீ வந்ததும் சொன்னேன்.

"இதுல கோளாறு இருக்கு பிரான்சிஸ். இந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் எங்கேயோ கிராஸ் ஆகியிருக்கு. தானா எரிஞ்சு எரிஞ்சு அணையுது பாரு."

நீ குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய். "பக்கத்து வீடு ஒண்ணும் பண்ணலப்பா. அம்பு எங்க இருக்குன்னு பாருங்க. கடைசிப் பேரோட ஓரத்துல நிக்குது. உங்க கை லேசா ஆடுது, அது பேர் மேல போய்ப் போய் வருது."

"நான் எதையும் தொடவே இல்லியே!"

"தொட வேணாம் லா அப்பா. மேல வந்தாலே போதும், மாறிடும்."

நீ திரும்பவும் நாற்காலி அடுக்கப் போய்விட்டாய். நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமும் கீழே நின்று பலகையைப் பார்க்கிறவன் நான், அமுக்குகிறவர்கள் வேறு யாரோ என்றே இருந்துவிட்டேன். நான் யாரையும் அதட்டுவதில்லை, கை நீட்டுவதில்லை, சும்மா பார்க்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் கேட்டேன். "நான் உள்ள வந்தா உங்க முகமெல்லாம் மாறுமா?" அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்க எதுக்கு உள்ள வரணும்? சாவிச் சத்தம் கேட்டாலே மாறும். அவன் ரேடியோவக் குறைப்பான். நான் என்ன தப்பு பண்ணினேன்னு யோசிப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் என்பதுபோல் சொன்னாள். நான் குளியலறைக்குள் போய் வெகு நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மூன்றாவது ஓலை. என் வழக்கமான பெஞ்சில் உட்காராமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். நான் வரவில்லை என்று நீகூட நினைத்தாய். அங்கிருந்து ஒரு இடுக்கு வழியாகப் பாடகர் குழு தெரிந்தது. ஸ்டெல்லா என் பெஞ்ச் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நான் இல்லை. தோளை இறக்கிவிட்டுக்கொண்டாள். பெஞ்சமின் வந்து தாளைத் திருப்பினான், ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள், பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள், பாட்டு ஆரம்பித்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதித்தேன், பலகை சரியாக வேலை செய்தது. அந்த நிமிஷத்திலும், நான் இல்லாததால்தான் இவ்வளவு தைரியமோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நான் முழுசாகத் திருந்திவிட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது. ஃபாதர் உங்கள் பெயர்களை வாசித்தார். தடை ஏதும் உண்டா என்று கேட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் மாதா சிலை இருக்கும் கெபி பக்கத்தில் ஸ்டெல்லா என்னைத் தேடி வந்தாள்.

"அங்கிள், ஒரு நிமிஷம். ஃபாதர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. யார் சொன்னதுன்னு அவரு சொல்லல. ஆனா ஒரு வருஷமா யாரு பாத்துக்கிட்டே இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

நான் கெபிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க அந்தப் பெஞ்சுல இருந்தா எனக்குப் பாட்டு வரியே மறந்துடும் அங்கிள். பெஞ்சமின் அண்ணன் கிட்ட வந்தா இன்னும் பயம். சிரிச்சா அங்கிள் என்ன நினைப்பாரோன்னு குனிஞ்சுக்குவேன். வீட்டுக்கு வந்தா அவரு பேரையே திருப்பித் திருப்பிச் சொல்றீங்க. நான் என்ன பண்றது?"

"பிரான்சிஸுக்குத் தெரியுமாம்மா?"

"சொல்லல. சொன்னா அவரு உங்ககூடப் பேசவே மாட்டாரு. கல்யாணம் நல்லா நடக்கட்டும். நீங்களும் சொல்லாதீங்க, விடுங்க."

சரிம்மா என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நெஞ்சு லேசாகிவிட்டது, அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது. இருபத்தைந்து வயசுப் பெண், என்னால் தலைகுனிந்து நின்றவள், என்னைக் காப்பாற்ற உன்னிடம் ஒன்றை மறைக்கிறாள். நான் அதை வாங்கி ஜேப்பில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாக்குக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். முந்தாநாள் சாயங்காலம் நடந்ததைப் பார். ஸ்டெல்லா மாலைக்குப் பூ என்ன சொல்வது என்று கேட்க வந்திருந்தாள். நான் கதவைத் திறந்து உள்ளே வந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலை குனிந்தோம். நீ மேசையருகில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய். அவளைப் பார்த்தாய். மறுபடியும் என்னைப் பார்த்தாய். "என்ன?" என்று அவளைக் கேட்டாய், ஒன்றுமில்லை என்றாள். சாப்பிடும்போது என்னிடம், "அவகிட்ட ஏதாச்சும் சொன்னீங்களாப்பா?" என்று சாதாரணமாகக் கேட்டாய். இல்லை என்றேன். நீ மேலே கேட்கவில்லை, என் முகத்தையே இரண்டு விநாடி பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாய். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான். உன் மூக்கும் நிறமும் அம்மாவுடையவை என்று எல்லாரும் சொல்வார்கள். இது மட்டும் என்னிடமிருந்து வந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

அதனால் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். அவள் உன்னிடம் மறைத்தது இவ்வளவுதான், இதில் அவள் தப்பு ஒன்றுமே இல்லை. இதை நான் சொல்லாமல் விட்டால் நீ அவளைக் கேட்க மாட்டாய், பார்த்துக்கொண்டிருப்பாய். நான் வரும்போதெல்லாம் அவள் முகம் மாறும், நீ எங்கெங்கோ தேடுவாய், பத்து வருஷம் கழித்து அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் பார்க்காதே, கேள். கேட்பது வெட்கமாக இருக்கும், கௌரவக் குறைச்சலாக இருக்கும், நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு அவள் சொல்வதை எடுத்துக்கொள். ஈப்போவுக்கு நான் போன ஞாயிறே போன் செய்தேன். தங்கச்சி எடுத்தாள், என் குரல் கேட்டதும் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். ஒன்றுமில்லை, அக்காவிடம் பேசு என்று உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன்.

இந்தக் கடிதத்தை ஸ்டெல்லாவிடமும் கொடு. உனக்குக் கோபம் வரும். வரட்டும், என்மேலே வரட்டும், அவள்மேல் ஒரு துளியும் போகக்கூடாது. சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெஞ்சில் முதல் இடத்தை எனக்குப் போட்டிருக்கிறாய். அங்கே உட்கார்ந்தால், அவள் உன் பக்கம் திரும்பி வாக்குக் கொடுக்கும்போது உன் தோளுக்கு மேலே என் முகம்தான் அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு வார்த்தையும் மறக்கக்கூடாது. அவளிடமே கேள். பின்னால் உட்காரச் சொன்னால் பின்னால் உட்காருகிறேன், உன் அம்மா முன்னால் இருக்கட்டும். கோயிலுக்கே வரவேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தால் அதையும் ஏற்றுக்கொள்வேன், எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எதுவானாலும் நாளைக்குள் வந்து சொல். பதிலை உன் முகத்தைப் பார்த்து நானே கண்டுபிடித்துக்கொள்ளும்படி விட்டுவிடாதே, பிரான்சிஸ். வாயால் சொல். நீ சொல்வதை நம்புகிறேன்.

அப்பா